சாவி யார் கையில்? பிரிட்டிஷ் சிறை அமைச்சர் பதவி குறித்துச் சில குறிப்புகள்

சிறை பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இரண்டு பேரோடு முடிந்துபோகிறது: கைதி, காவலர். ஃபூக்கோவைப் படித்த பிறகு ஒரு கண்காணிப்புக் கோபுரமும் சேர்ந்துகொண்டது. அமைச்சர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் எங்கே நிற்கிறார்? இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளுக்கும் நன்னடத்தைப் பணிக்கும் பொறுப்பான அமைச்சர் பதவியின் வரலாற்றை வைத்து இதைக் கேட்டுப் பார்க்கிறேன். அதிகாரத்தைச் செலுத்த அந்தப் பதவி எவ்வளவு பயன்பட்டதோ, அதே அளவு பதில் சொல்லும் கடமையைக் கரைத்துவிடவும் பயன்பட்டிருக்கிறது என்பது என் வாதம்.

1877க்கு முன் உள்ளூர்ச் சிறைகள் மாவட்ட நீதிபதிகளின் பிடியில் இருந்தன. அந்த ஆண்டுச் சட்டம் அவற்றை உள்துறை அமைச்சரின் கீழே கொண்டுவந்தது. நோக்கம் கருணை அல்ல. உள்ளூர் வரிச்சுமையைக் குறைப்பதாகச் சொன்ன வாக்குறுதியும் ஒரே சீரான தண்டனை வேண்டும் என்ற ஆசையும்தான். நிர்வாகம் சிறை ஆணையத்திடம் போயிற்று. அதன் தலைவர் எட்மண்ட் டு கேன் 1895 வரை தனியாட்சி நடத்தினார் எனலாம். நாடாளுமன்றத்தில் கேள்விக்கு நிற்பவர் ஒருவர், சிறையை நடத்துபவர் இன்னொருவர். இந்தப் பிளவு தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

நன்னடத்தைப் பணியின் வழி வேறு. நீதிமன்ற வாசலில் நின்று குடிகாரர்களை மீட்க முயன்ற திருச்சபை ஊழியர்களிடமிருந்து அது பிறந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் நன்னடத்தை அலுவலருக்கு விதித்த வேலை அறிவுரை சொல்வது, உதவுவது, நட்புப் பாராட்டுவது. ஒரு அரசுச் சட்டத்தில் நட்பு என்ற சொல்! இந்தச் சிந்தனை சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1936ஆம் ஆண்டுச் சட்டமானது. ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது 'சோதித்துப் பார்த்தல்'. நாம் அதை 'நன்னடத்தை' என்று மாற்றி, பாரம் முழுவதையும் விடுதலையானவர் தலையில் ஏற்றிவிட்டோம். சோதிப்பவர் யார் என்பது சொல்லிலேயே மறைந்துபோனது.

பிளவு பச்சையாகத் தெரிந்தது 1990களில். 1993இல் சிறைத்துறை தனி முகமை ஆக்கப்பட்டது. தொலைக்காட்சித் தொழிலிலிருந்து வந்த டெரெக் லூயிஸ் அதன் தலைமை இயக்குநர். கொள்கை அமைச்சருடையது, நடைமுறை இயக்குநருடையது என்று ஏற்பாடு. உறுப்பினர் அவையில் சிறை பற்றிக் கேட்டால் பல நேரங்களில் பதில் லூயிஸின் கடிதமாக வரும். 1994 செப்டம்பரில் வைட்மூர் சிறையிலிருந்து ஆறு பேர், 1995 ஜனவரியில் பார்க்ஹர்ஸ்டிலிருந்து மூன்று பேர் தப்பினார்கள். அந்த அக்டோபரில் விசாரணை அறிக்கை வந்ததும் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் லூயிஸைப் பதவிநீக்கம் செய்தார். தப்பியது நடைமுறைக் கோளாறாம், கொள்கைக்குக் காயமில்லையாம். ஆனால் பார்க்ஹர்ஸ்ட் சிறைத் தலைவரை உடனே நீக்கச் சொல்லி ஹோவர்டே நெருக்கினாரா? 1997இல் தொலைக்காட்சியில் ஜெரமி பாக்ஸ்மன் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நேரான பதில் கடைசிவரை வரவில்லை. ஹோவர்டின் கீழ் சிறை அமைச்சராக இருந்த ஆன் விடிகோம்பே லூயிஸ் விஷயத்தில் அவரை அவையில் தாக்கினார். இதே விடிகோம்தான் 1996இல், பிள்ளை பெற மருத்துவமனைக்குக் கொண்டுபோன கைதிகளுக்கு விலங்கிட்டதை நியாயப்படுத்தியவர். நடைமுறை அதிகாரியுடையது என்றால் விலங்கை ஏன் அமைச்சர் தாங்கிப் பேசினார்? வசதிப்பட்டால் கொள்கை, வசதிப்படாவிட்டால் நடைமுறை.

'அமைச்சர் என்னதான் பண்ணுவார்? ஆட்களை உள்ளே அனுப்புவது நீதிமன்றம்தானே' என்று நண்பர்கள் கேட்கலாம். பாதி உண்மை. 1993இல் சுமார் 45,000 ஆக இருந்த சிறைவாசிகள் 2024இல் 88,000ஐ நெருங்கினார்கள். நீதிபதிகள் மட்டும் செய்த வேலையா இது? தண்டனையை நீட்டும் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தவர்கள் அமைச்சர்கள்.

மிகக் கொடிய உதாரணம், 2003 சட்டத்தின்படி 2005இல் நடைமுறைக்கு வந்த காலவரையற்ற தண்டனை. நீதிபதி குறைந்தபட்சக் காலத்தைச் சொல்வார்; அது முடிந்த பிறகு, தான் ஆபத்தானவன் இல்லை என்று கைதியே பரோல் குழுவை நம்பவைக்க வேண்டும். 8,000க்கும் மேற்பட்டோர் இதில் சிக்கினார்கள். இரண்டு வருடத்துக்கும் குறைந்த காலம் விதிக்கப்பட்டவர்கள் பத்து வருடம் தாண்டியும் உள்ளே கிடந்தார்கள். பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். வெளியே வந்தவரையும், புதிதாக எந்தக் குற்றமும் செய்யாவிட்டாலும், நிபந்தனை மீறினார் என்று நன்னடத்தை அலுவலர் மூலம் திரும்ப உள்ளே தள்ளலாம். நட்புப் பாராட்ட வந்தவர் கதவைச் சாத்துகிறவராக மாறியது இப்படித்தான். 2012இல் தண்டனை ஒழிக்கப்பட்டது, ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அல்ல. அதே சட்டம் விடுதலைக்கான அளவுகோலை மாற்றும் அதிகாரத்தை நீதி அமைச்சருக்குக் கொடுத்திருந்தது. 2024 வரை பதவிக்கு வந்த எவரும் அதைத் தொடவில்லை. சாவி மேசையிலேயே இருந்தது.

தொடவேண்டாத இடத்தில் கை நீளாமலும் இல்லை. கிறிஸ் கிரேலிங் நீதி அமைச்சராக இருந்தபோது, 2013இல், கைதிகளுக்கு வெளியிலிருந்து புத்தகம் அனுப்புவதற்குத் தடை வந்தது, எழுத்தாளர்கள் எதிர்த்தார்கள், 2014 டிசம்பரில் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. அதே 2014இல் நன்னடத்தைப் பணியை இரண்டாக உடைத்து, பெரும்பகுதியைத் தனியாருக்குக் கொடுத்தார். தோல்வியை ஒப்புக்கொண்டு 2021இல் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்குள் கிரேலிங் வேறு துறைக்குப் போய்ப் பதவியையும் விட்டிருந்தார்.

இந்தப் பதவியில் ஆள் தங்குவதும் இல்லை. 2010க்கும் 2024க்கும் இடையே பத்துப் பேருக்கு மேல் சிறை அமைச்சராக வந்து போனார்கள். பத்துச் சிறைகளில் வன்முறையும் போதைப்பொருளும் குறையாவிட்டால் ஒரு வருடத்தில் விலகுவேன் என்று 2018இல் ரோரி ஸ்டுவர்ட் அறிவித்தார். தன் பெயரைக் கணக்கோடு கட்டிக்கொண்ட அரிய செயல் அது. வருடம் முடியும் முன்பே வேறு துறைக்கு மாற்றப்பட்டார். 2024இல் வந்த ஜேம்ஸ் டிம்ப்சன், செருப்புத் தைத்துச் சாவி செய்து தரும் கடைகளை நடத்தியவர். சிறை மீண்டவர்களுக்கு வேலை கொடுத்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் அதே செப்டம்பரில் தண்டனையில் 40 சதவீதம் முடித்தவர்களை அரசு வெளியே விடத் தொடங்கியதற்குக் காரணம் மனிதாபிமானம் அல்ல, உள்ளே இடமில்லை.

நல்ல அமைச்சர் வேண்டும் என்று கேட்பதோடு நம் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு சட்டத்திலும் அமைச்சரிடம் தரப்பட்ட அதிகாரம் எது, அதை எத்தனை வருடமாக அவர் பயன்படுத்தவில்லை, அந்த வருடங்களை உள்ளே கழித்தவர் யார் என்று கணக்குப் பார்க்க வேண்டும். செய்தவற்றுக்கு மட்டும் பதில் வாங்கிப் பழகியிருக்கிறோம். செய்யாமல் விட்டதற்கும் பதில் வாங்கியாக வேண்டும்.