பேரேட்டில் பதிந்த விரல்

டிஸ்டோபியா எனப்படும் இருண்ட எதிர்காலப் புனைவு, அதாவது பெரும்பாலும் அரசின் கண்காணிப்போ ஒடுக்குமுறையோ மக்களின் அன்றாட வாழ்வை ஆள்கின்ற கற்பனைச் சமுதாயத்தைக் காட்டும் கதைவகை, 2012-இல் வெளிவந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' படத்திற்குப் பின் பதின்பருவத்தினருக்கான திரைப்படங்களில் பெருவழக்காயிற்று. அப்படத்தில் 12 முதல் 18 வயது வரையுள்ள சிறாரைச் சாவு விளையாட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் குலுக்கல் நாளில், விரலில் குத்தி எடுத்த குருதியைப் பேரேட்டில் ஒற்றியே ஒவ்வொருவரின் வருகையும் பதியப்படுகிறது. இக்காட்சியை ஒத்த ஒன்று மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்திருந்தது.

1871-இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1914-இல் கீழக்குயில்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் பிடிக்குள் கொண்டுவரப்பட்டது. ஊர்க்காவல் பார்த்து அதற்குரிய கூலி பெற்றுவந்த ஒரு சமூகத்தின் உரிமையை அரசு முதலில் குற்றமாகக் கண்டது; பின்னர் அச்சமூகத்தில் பிறப்பதையே குற்றத்திற்குச் சான்றாக்கியது. 2014-இல் வந்த 'டைவர்ஜென்ட்' படத்தில்கூட, பதினாறு வயதில் தன் குழுவைத் தானே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு ஒருவருக்கு உண்டு. இங்கு அதுவும் இல்லை. பதிவு பெற்ற ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்துறங்க வேண்டியிருந்தது; வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' எனப்பட்ட அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. பதிவின்போது கைரேகை எடுக்கப்பட்டதால் மக்கள் இச்சட்டத்தை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர்.

அப்பெயரில் ஓர் அறிவியல் வரலாறும் அடங்கியுள்ளது. கைரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறை, காவல் துறை அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் கீழ் அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகியோரின் உழைப்பால் உருவாகி, 1897-இல் கல்கத்தாவில் தனிப் பணியகமாக நிலைபெற்றது. திரைப்படங்கள் கண்காணிப்புக்கு வியத்தகு கருவிகளைக் கற்பித்துக்கொள்கின்றன. மதுரைச் சமவெளியில் மையும் தாளும் போதுமானவையாக இருந்தன. சிறாரும் தப்பவில்லை: ஆறு வயதுக்கு மேல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கும் அதிகாரத்தை 1911-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அளித்திருந்தது.

ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல் துறையினர் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். படங்களில் ஒரு பெண்ணின் அம்பு அரசையே ஆட்டங்காணச் செய்கிறது. இங்கு அந்த உயிரிழப்புக்குப் பின்னும் சட்டம் 27 ஆண்டுகள் நீடித்தது. அதனை எதிர்த்த வேலை வழக்கும் மனுவும் கூட்டங்களுமாக மெல்லவே நகர்ந்தது. கள்ளர்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினர். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் அப்போராட்டத்தை அரசியல் மேடைக்குக் கொண்டுசென்றார். புனைவிலிருந்து வாழ்வுக்குச் செல்லும் எதிர்த்திசைப் பயணமும் உண்டு: 2014-ஆம் ஆண்டு ராணுவப் புரட்சிக்குப் பின் தாய்லாந்தின் இளைஞர்கள், 'ஹங்கர் கேம்ஸ்' நாயகியின் மூவிரல் வணக்கத்தையே தம் எதிர்ப்புச் சின்னமாக்கினர்.

சென்னை மாகாணம் 1947-இல் இச்சட்டத்தை நீக்கியது. ஆயினும் மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இயற்றியது. கண்காணிப்போடு சேர்த்து அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் துறையின் பள்ளிகளோ சட்டம் போன பின்னும் நிலைத்தன. ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றில்தான் எழுத்தறிந்து, வருகைப் பதிவேட்டில் தம் பெயரைக் கேட்டு மறுமொழி சொல்லக் கற்றனர்.