ஜின் இல்லை, மூளை அழற்சி: ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதை

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

நேற்று வரை ஒழுங்காகப் பாடசாலை போய்வந்த பிள்ளை. சில நாள் காய்ச்சல், தலையிடி. பிறகு உறக்கமில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிறாள். உம்மாவைப் பார்த்தே பயப்படுகிறாள். வாயும் கைகளும் தாமாக அசைகின்றன, வலிப்பு வருகிறது, கடைசியில் பேச்சும் நின்றுவிடுகிறது. நம் ஊரில் இதைக் கண்டால் என்ன சொல்வோம்? "ஜின் பிடிச்சிருக்கு." ஓதிப் பார்ப்போம், தண்ணீர் ஓதிக் கொடுப்போம். நம்மை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படியான பிள்ளைகளை மனநோய் விடுதியில்தான் சேர்த்தார்கள். 2007 வரை இந்த நோய்க்குப் பெயரே இருக்கவில்லை.

பெயர் வைத்தவர் ஸ்பெயின் நாட்டு நரம்பியல் வைத்தியர் ஜோசப் டல்மாவ். நியூயோர்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் வைத்தியசாலையில் ஜெரோம் போஸ்னர் என்பவரோடு பணியாற்றியவர். உடம்பில் எங்கோ இருக்கும் கட்டி, மூளைக்குப் பரவாமலேயே மூளையை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் அங்கு அவர் தேடிய விடயம். கட்டியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் பிறபொருளெதிரிகள் ஆள் மாறி மூளையையும் தாக்குகின்றன என்பது அப்போதே தெரியும். ஆனால் அன்று தெரிந்தவை பெரும்பாலும் நரம்புக்கலத்தின் உள்ளே இருக்கும் புரதங்களுக்கு எதிரானவை. அந்த நோயாளிகள் தேறுவது அரிது.

பின்னர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, சூலகக் கட்டியோடு மனக்குழப்பமும் வந்த இளம் பெண்கள் அவர் கவனத்துக்கு வந்தார்கள். எலியின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, அவர்களின் முதுகுத்தண்டு நீரை அதன்மேல் இட்டுப் பார்த்தார்கள். ஞாபகத்துக்குரிய ஹிப்போகம்பஸ் பகுதியில் அது ஒட்டியது. அதுவும் கலத்தின் உள்ளே அல்ல, மேற்பரப்பில்! எங்கள் பார்வையில் முழுக் கதையின் திருப்பமும் இதுதான். வெளியில் ஒட்டியதை அகற்ற முடியும்.

ஒட்டிய இடம் என்.எம்.டி.ஏ வாங்கி. நாம் வகுப்பில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுப்பது பிள்ளையின் மூளையில் பதியவும் இந்த வாங்கி வேண்டும். கெட்டமைன் என்ற மயக்க மருந்து இதை அடைக்கும்போதும் இல்லாத காட்சிகள் தோன்றுவதுண்டு. அந்தச் சூலகக் கட்டிகளுக்குள் நரம்பிழையமும் இருந்தது. உடம்பு அதை எதிரியாகக் கண்டது, மூளையில் அதே வாங்கியைக் கண்டதும் அங்கும் தாக்கியது.

2007இல் வெளியான ஆய்வில் 12 பெண்கள், 14 முதல் 44 வயது வரை. கட்டியை அகற்றி நோயெதிர்ப்புச் சிகிச்சையும் பெற்ற 9 பேரில் 8 பேர் தேறினார்கள். கட்டி அகற்றப்படாத மூவரில் இருவர் இறந்தார்கள். அடுத்த வருடம் 100 பேரின் விபரம் வந்தது: 91 பேர் பெண்கள், 75 பேர் முழுதாகவோ சிறு குறையோடோ மீண்டார்கள். கட்டியே இல்லாதவர்களுக்கும் இந்நோய் வருவது அதில் தெரிந்தது. 2013இல் 577 பேரைப் பற்றிய ஆய்வு, இரண்டு வருடத்தில் 81 சதவீதமானோர் நன்றாகத் தேறியதைக் காட்டியது. சிகிச்சை எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது.

அதனால் ஓதுபவர்கள் ஓதட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதே நாளில் வைத்தியசாலைக்கும் கொண்டுபோங்கள். காய்ச்சல், வலிப்பு, வாய் அசைவு எதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

2009இல் நியூயோர்க்கில் சூசனா கஹலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்கு இது வந்தது. சிரியாவில் பிறந்த வைத்தியர் சுஹைல் நஜ்ஜார் அவரிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். 1 முதல் 12 வரை எல்லா இலக்கங்களையும் வலப்பக்கத்திலேயே எழுதிவிட்டார் சூசனா. மூளையின் வலப் பாதியில் அழற்சி என்று நஜ்ஜார் ஊகித்தார். டல்மாவின் ஆய்வுகூடம் நோயை உறுதிசெய்தது. சூசனா தேறி, மீண்டும் வேலைக்குப் போய், தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். ஆனால் வைத்தியசாலையில் கிடந்த அந்த ஒரு மாதம் அவருக்கு அனேகமாக நினைவில்லை. தந்தையின் குறிப்பேட்டையும் வைத்தியசாலைக் கமெரா எடுத்த காணொளிகளையும் பார்த்துத்தான் அந்தப் பக்கங்களை எழுதினார்.