சிறு சொற்களின் வரலாறு

ஒரு மொழியைக் கற்பவனை மருட்டுவன அதன் நீண்ட சொற்களே என்பது பொதுவாக நிலவும் எண்ணம். ஆங்கிலத்தைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் பிழையானது. 'எக்ஸ்டிங்குயிஷ்' என்ற சொல்லைக் கண்ட மாணவன் அகராதியைப் புரட்டுகிறான். 'அணைத்தல்' என்று பொருள் கண்டு அமைதியடைகிறான். 'புட்' என்ற சொல்லுக்கோ அகராதி வேண்டியதில்லை என நம்புகிறான். 'புட்' என்றால் வை. 'அப்' என்றால் மேலே. 'வித்' என்றால் உடன். மூன்றும் முதற் புத்தகத்திலேயே படித்தவை. ஆயின் ஒருநாள் இம்மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நின்று 'பொறுத்துக்கொள்' என்று பொருள் தரும்போது அவன் திகைத்து நிற்கிறான். தெரிந்த சொற்கள் மூன்று கூடித் தெரியாத சொல் ஒன்றாகிவிட்டன!

இத்தகைய கூட்டுவினைகள் எங்கிருந்து வந்தன? கற்றோர் இவற்றை நெடுங்காலம் மதியாதிருந்ததேன்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், இலக்கணத்தோடு ஒரு நாட்டுப் பொதுமக்களின் சரித்திரமும் நம் கண்முன் விரிகின்றது.

ஆதி ஆங்கிலத்தில் இடைச்சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றது. 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்' என்பன அப்பழைய வழக்கின் எச்சங்களாக இன்றும் வாழ்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கு முதலிய வடநாடுகளிலிருந்து படையெடுத்து வந்தோர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர்கள் பேச்சில் 'மேலே', 'வெளியே' என்னும் பொருளுடைய இடைச்சொற்கள் வினையை விட்டுப் பிரிந்து பின்னே நின்றன. வந்தவரும் இருந்தவரும் வயலிலும் சந்தையிலும் கலந்து பழகிய காலத்தில் இவ்வழக்கு ஆங்கிலத்தில் வலுப்பெற்றதென்பது அறிஞர் பலரின் கருத்து.

இதன்பின் 1066ஆம் ஆண்டு வந்தது. நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரசவையில் பிரெஞ்சு மொழி ஏறியது. கோயிலிலும் சாசனத்திலும் லத்தீன் வீற்றிருந்தது. ஆங்கிலமோ உழுபவன், கொல்லன், வேலைக்காரி ஆகியோர் வாயில் தங்கியது. நீதிமன்ற வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிக்க வேண்டும் என்று சட்டம் பிறப்பதற்கு 1362ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய 300 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நீண்ட காலத்தின் அடையாளம் ஆங்கிலத்தில் இரண்டு அடுக்காக இன்றும் காணப்படுகிறது. மேலடுக்கில் 'சரண்டர்', 'எக்ஸ்டிங்குயிஷ்', 'போஸ்ட்போன்'. கீழடுக்கில் அவற்றுக்கு நேராக 'கிவ் அப்', 'புட் அவுட்', 'புட் ஆஃப்'. பொருளில் பெரும்பேதமில்லை, பிறப்பிலும் பழகும் இடத்திலுமே பேதம்.

கீழடுக்குச் சொற்கள் முதன்முதல் ஏடேறியதை அறிய விரும்புவோர் பீட்டர்பரோ மடத்து நாளாகமத்தைக் காணவேண்டும். நாடெங்கும் லத்தீனில் சரித்திரம் எழுதப்பட்ட காலத்தில், ஆங்கிலத்தில் ஆண்டுக் குறிப்பு எழுதுவதை 1154 வரை விடாது நடத்தியது அம்மடம். அது இருந்த இடமும் வடநாட்டார் குடியேறிய பகுதியே. 1127இல் அரசனுடைய உறவினன் என்ற உரிமையால் பிரெஞ்சு நாட்டுத் துறவி ஒருவன் அங்கே மடாதிபதியானான். அவனுக்குப் பிரான்சில் வேறொரு மடமும் இருந்தது. தேன்கூட்டில் உழைப்பின்றி உண்டு வாழும் ஆண் ஈயை ஒத்தவன் இவன் என்று அம்மடத்துத் துறவி எழுதிவைத்தார். 1132இல் அவனது சூழ்ச்சியை அறிந்த முதலாம் ஹென்றி அரசன், மடத்தை விட்டுக்கொடுத்து நாட்டை விட்டு வெளியேறுமாறு செய்தான். அந்த 'விட்டுக்கொடு' என்ற இடத்தில் நாளாகமம் எழுதிய வினைதான் 'கிவ் அப்'. இச்சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. உழையாது உண்டவன் வெளியேறிய செய்தியை உழைப்போர் பேச்சே சுமந்து வந்தது பொருத்தமன்றோ!

பின்னர் இச்சொற்கள் பெருகின. 1604இல் அரசவையில் நடிக்கப்பட்ட 'ஒதெல்லோ' நாடகத்தில், மனைவியைக் கொல்லத் துணிந்த கணவன் கையில் விளக்குடன் நிற்கும் கட்டத்தில், விளக்கை அணைப்பதற்கும் அவள் உயிரை அணைப்பதற்கும் ஷேக்ஸ்பியர் 'புட் அவுட்' என்னும் ஒரே வினையை ஆள்கிறார். அடுப்பங்கரையில் வேலைக்காரி நாள்தோறும் சொல்லும் சொல் அது. அதைக் கொண்டே நாடகத்தின் மிகக் கொடிய நொடியை அவர் காட்டிவிட்டார்.

எனினும் பண்டிதர்கள் இவற்றை எளிதில் ஏற்றாரில்லை. 18ஆம் நூற்றாண்டின் பெரும் பண்டிதர் சாமுவேல் ஜான்சன் லத்தீன் வாடை வீசும் நடைக்குப் பேர்போனவர். ஒரு நாடகத்தைப் பற்றி எளிய சொற்களால் கருத்துரைத்தவர், உடனே அது போதாதென்று அதே கருத்தை நெடிய லத்தீன் சொற்களால் மாற்றிச் சொன்னதாக அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறித்திருக்கிறார். அத்தகையவரே 1755இல் தம் அகராதியை வெளியிட்டபோது, இச்சிறு சொற்களுக்கு முன் பணிய நேர்ந்தது. வினைக்குப் பின் இடைச்சொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வழக்கே அயல்நாட்டாருக்கு மிகுந்த இடர் விளைப்பது என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு உதவும்பொருட்டு இவற்றை மிகுந்த கவனத்துடன் தொகுத்ததாகக் கூறினார். 'டேக்' என்ற ஒரு வினைக்கு மட்டும் 130க்கு மேற்பட்ட பொருள்களை அவர் வகுத்தார். அவர் காலத்தில் 'டேக் ஆஃப்' என்பதற்கு ஒருவரைப் போல நடித்துக் காட்டுதல் என்பது ஒரு பொருள். இன்று விமானம் தரையை விட்டு எழுவதையும் அதுவே குறிக்கிறது. புதுப்பொருள் வந்தாலும் புதுச்சொல் தேடாமல் பழைய இரு சொற்களைக் கொண்டே மக்கள் காரியத்தை முடித்துக்கொண்டனர்.

இத்துணைப் பழமையான வழக்குக்கு இன்று வழங்கும் பெயர் அமைந்தது மிகப் பிற்காலத்தில்தான். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தம் நூலில் இவற்றை 'பிரேசல் வெர்ப்' என்று அழைத்து, அப்பெயரைச் சொல்லித் தந்தவர் ஹென்றி பிராட்லி என்று குறிப்பிட்டார். பிராட்லி யார்? ஓர் உழவர் மகன். ஷெபீல்டு நகரில் கத்தி முதலியன செய்யும் கம்பெனி ஒன்றில் 20 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து, பல மொழிகளைத் தாமே கற்று, பின்னர் ஆக்ஸ்போர்டு பேரகராதியின் ஆசிரியர்களுள் ஒருவராக உயர்ந்தவர். எளியோர் வாயில் வளர்ந்த வினைக்குப் பெயரிட்டவரும் எளிய குடியில் தோன்றியவரே!

இனி வாக்கியத்தில் இவை வழங்கும் முறையைச் சிறிது காண்போம். 'புட் அவுட் தி லாம்ப்' என்றாலும் 'புட் தி லாம்ப் அவுட்' என்றாலும் விளக்கை அணை என்பதே பொருள். விளக்கு என்னாது 'அதை' என்று சொல்ல வேண்டின் 'புட் இட் அவுட்' என்றே கூறவேண்டும். 'இட்' என்பதைக் கடைசியில் வைத்தல் வழுவாகும். 'லுக் ஆஃப்டர்' என்பதோ இவ்வாறு பிரிவதில்லை. 'லுக் ஆஃப்டர் இட்' என்பதே சரி. இவ்வேறுபாட்டைச் சொற்பட்டியல் கற்பிக்காது. முழு வாக்கியமே கற்பிக்கும்.

இது நமக்கு முற்றிலும் புதுமையா? அன்று. 'கை'யும் 'விடு'வும் அறிந்த அயலான் 'கைவிடு' என்பதை அறிவானா? 'கண்டுபிடி' என்றால் எதைக் கண்டு எதைப் பிடிப்பது? 'தள்ளிப்போடு' என்பதை ஆங்கிலத்தின் 'புட் ஆஃப்' உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்! இலக்கண அமைப்பு வேறாயினும், எளிய சொற்கள் கூடிப் புதுப்பொருள் பெறும் இயல்பை நாமும் தாய்ப்பாலோடு பருகியவர்களே. ஆதலின் அஞ்ச வேண்டுவதில்லை.

அசட்டையாக இருத்தலும் ஆகாது. தொழிலாளி ஒருவனிடம் நீட்டப்படும் கடிதத்தில் 'லே ஆஃப்' என்றிருந்தால், அவன் வேலையினின்று நிறுத்தப்படுகிறான் என்று பொருள். 'சைன்' என்றால் கையெழுத்திடு என்பதை எல்லோரும் அறிவர். 'சைன் அவே' என்றால் கையெழுத்திட்டு உரிமையை இழத்தல் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? நான்கெழுத்துச் சொல் ஒன்றைக் கவனியாததால் ஒரு குடும்பத்தின் உரிமை பறிபோகக்கூடும். பெருஞ்சொல் தெரியாதவன் பிறரைக் கேட்பான்; சிறு சொல் தெரியும் என்று எண்ணியவனோ கேட்கமாட்டான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, தோழர்களே! ஆங்கிலம் கற்கும் நம் இளைஞர் நீண்ட சொற்களை மனப்பாடம் செய்து மேடையில் முழங்குவதோடு நின்றுவிடலாகாது. நாள்தோறும் ஐந்து வாக்கியங்களைப் படித்து, அவற்றில் வினைக்குப் பின் நிற்கும் இடைச்சொல்லைக் கோடிட்டு, வாக்கியத்தோடு சேர்த்தே எழுதிப் பழகுங்கள். அரசவையால் ஒதுக்கப்பட்டும் அழியாது நின்று, பண்டிதரையும் பணியவைத்த சொற்கள் அவை. அவற்றை அறிந்தவனே ஆங்கிலம் அறிந்தவன்.