பிப் இழந்த இடம்

1915-ல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்கு வந்து சேர்ந்தார் வாலி பிப். அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த அணியின் ஃபர்ஸ்ட் பேஸ் அவருடைய பட்டா நிலம். 1916-ல் 12 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீகிலேயே முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு கிளீவ்லண்ட் அணியினர் சட்டைக் கையில் எண் பொறித்துக்கொண்டு களமிறங்கினர். யார் எந்த வீரர் என்று தூரத்திலிருந்து அடையாளம் தெரியட்டும் என்ற யோசனை. அது எடுபடவில்லை.

1923-ல் யாங்கீஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது பிப் அணியில் இருந்தார். அந்த ஆண்டு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் சட்டைக்கை எண்ணை மறுபடி முயன்று பார்த்தது. கிண்டல் தாங்க முடியாமல் அதுவும் கைவிட்டது. எண்ணின் கதை அத்துடன் முடிந்தது போலத்தான் இருந்தது.

பிப்பின் கதையும் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. 1925 ஜூன் 2 அன்று, சரிவில் இருந்த அணியை மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் கலைத்து அடுக்கினார். பிப்பை உட்காரவைத்து, 21 வயது லூ கெரிக்கை இறக்கினார். தலைவலி என்று பிப் மாத்திரை கேட்டதே காரணம் எனப் பிற்பாடு ஒரு கதை கிளம்பியது. உண்மையான தலைவலி சரியாக ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது.

ஜூலை 2, பேட்டிங் பயிற்சி. சக வீரர் எறிந்த பந்து பிப்பின் தலையைத் தாக்கியது. மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பியபோது கெரிக்கை அசைக்க வழியில்லை. மறு ஆண்டு சின்சினாட்டி அணிக்குப் போய், 1928-ல் மேஜர் லீகை விட்டே விலகினார். கடைசிவரை முதுகில் எண் இல்லாமலேயே ஆடியவர் அவர். அவர் விலகிய அடுத்த ஆண்டே நிலைமை மாறத் தொடங்கியது.

1929-ல் யாங்கீஸ் பழைய யோசனையைத் தூசி தட்டியது. இம்முறை எண் சட்டைக் கையில் இல்லை, முதுகில், பெரிதாக. பேட்டிங் வரிசையே எண்ணாயிற்று. மூன்றாவதாக ஆடும் பேப் ரூத்துக்கு 3, அடுத்து வரும் கெரிக்குக்கு 4. ஏப்ரல் 16 அன்று நடக்கவிருந்த முதல் ஆட்டத்தை மழை கெடுத்தது. அதே நாளில் முதுகில் எண்ணோடு இறங்கி முந்திக்கொண்டது, 1916-ல் தோற்ற அதே கிளீவ்லண்ட்! ஆனால் எண்ணுக்குப் பெருமை சேர்க்கும் வாய்ப்பு யாங்கீஸுக்குக் காத்திருந்தது.

கெரிக் தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்கள் ஆடினார். 1939 மே 2 அன்று டெட்ராய்ட்டில், கைகால் ஒத்துழைக்காமல் தாமாகவே விலகி நின்றார். அன்று அரங்கில் பார்வையாளராக பிப்பும் இருந்தார். கெரிக்குக்கு வந்திருப்பது நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் என்பது அடுத்த மாதம் தெரிந்தது. ஜூலை 4 அன்று 60,000 பேருக்கு மேல் கூடி கெரிக்கை வழியனுப்பினார்கள். அவர் கழற்றிய 4-ஐ யாருக்குக் கொடுப்பது?

யாருக்கும் இல்லை என்று முடிவு செய்தது யாங்கீஸ். ஹாக்கியில் டொரன்டோ அணி 1934-லேயே ஏஸ் பெய்லியின் 6-க்கு இந்த மரியாதையைச் செய்திருந்தது; மேஜர் லீக் பேஸ்பாலில் ஓய்வு பெற்ற முதல் எண் கெரிக்கின் 4. பேட்டிங் வரிசையில் வந்து விழுந்த எண், ஒரு மனிதருக்கே சொந்தமானது. இந்திய கிரிக்கெட் அணியில் சச்சினின் 10-ம் தோனியின் 7-ம் இன்று வேறு எவர் முதுகிலும் ஏறாததற்குப் பின்னே இருப்பது இந்த வழக்கம்தான்.