சர்வகலாசாலைக் கண்டுபிடிப்புகளின் உரிமம்

சர்வகலாசாலையின் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்று, அதைத் தொழில்முறையில் பயன்படுத்தும் அதிகாரத்தைக் குறித்த நிபந்தனைகளுக்கும் ராயல்டிக்கும் உட்பட்டு ஒரு கம்பெனிக்கு அளிப்பதே உரிமம் வழங்குதல் எனப்படும். காப்புரிமை பெரும்பாலும் சர்வகலாசாலையிடமே இருக்கும். ஒரே கம்பெனிக்கு அளிப்பது தனி உரிமம். கேட்போர் பலருக்கும் அளிப்பது பொது உரிமம். எதை, எவருக்கு, எந்த நிபந்தனையோடு அளிப்பது என்னும் தீர்மானத்திலேயே பொதுஜன நன்மை அடங்கியிருக்கிறது என்பதை இம்முறையின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது.

கலிபோர்னியா சர்வகலாசாலையில் ரசாயனம் போதித்த பிரெடரிக் காட்ரெல், ஆலைப் புகையில் கலந்துள்ள தூசியையும் அமிலத் துளிகளையும் மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் சாதனத்தை அமைத்து, அதனால் வரும் லாபம் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே செலவாக வேண்டுமென்று 1912-இல் ‘ரிசர்ச் கார்ப்பரேஷன்’ என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். 1923-இல் பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும், இன்சுலின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரான்டோ சர்வகலாசாலைக்கு மாற்றிக் கொடுத்தனர். அம்மருந்தை எவரும் ஏகபோகமாக்கிக் கொள்ளாமல் தடுப்பதும், உரிமம் பெற்ற கம்பெனிகள் தயாரிக்கும் மருந்தின் வீரியம் குன்றாமல் காப்பதும் அந்தச் சர்வகலாசாலையின் நோக்கங்களாக இருந்தன.

இம்முறையின் நன்மையும் ஆபத்தும் ஒருங்கே விளங்கிய இடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலை. புறஊதாக் கதிர் பட்ட உணவில் வைட்டமின் டி பெருகுகிறது என்பதையும், அவ்வுணவு எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கிறது என்பதையும் எலிகளைக் கொண்டு நிரூபித்த ஹாரி ஸ்டீன்பாக், காப்புரிமை விண்ணப்பச் செலவைத் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தார். குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி தர முன்வந்த பெருந்தொகையை மறுத்தார். காப்புரிமையை நிர்வகித்து வருமானத்தை ஆராய்ச்சிக்கே திருப்பிவிடப் பழைய மாணவர்களைக் கொண்ட ஓர் அறநிறுவனம் 1925-இல் அமையக் காரணமானார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அந்நிறுவனம் ஆதரித்த ஆராய்ச்சியில் பிறந்ததே. ஆயினும் அதே நிறுவனம், பால்பண்ணைத் தொழிலின் நலனைக் கருதி, மார்கரின் தயாரிப்போருக்கு வைட்டமின் டி உரிமத்தை மறுத்தது. வெண்ணெய் வாங்க வசதியற்ற ஏழைகளே மார்கரினைப் பெரிதும் உண்டனர். அவர்களுடைய குழந்தைகளுக்கே ரிக்கெட்ஸ் பயமும் மிகுதி. 1940-களில் ஸ்டீன்பாக்கின் காப்புரிமைகள் பற்றிய வழக்கை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்குறையைச் சுட்டிக்காட்டியதோடு, அவை செல்லா என்றும் தீர்ப்பளித்தது.

1970-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் நீல்ஸ் ரைமர்ஸ் உரிம அலுவலகத்தை நிறுவினார். மரபணுவைத் துண்டித்து இணைக்கும் முறையை ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டிருந்தனர். வெளியீட்டிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டுமென்பது அமெரிக்கச் சட்டமாதலால், கெடு முடியச் சில தினங்களே எஞ்சியிருந்த 1974 நவம்பர் 4-இல் ரைமர்ஸின் முயற்சியால் விண்ணப்பம் சென்றது. அம்முறை பொது உரிமமாகவே அளிக்கப்பட்டது. 1997-இல் காப்புரிமை முடிவதற்குள் 400-க்கு மேற்பட்ட கம்பெனிகள் அதைப் பெற்றன. வருமானம் ஏறத்தாழ 25 கோடி டாலர்.

அக்காலத்தில் அரசாங்கப் பணத்தால் விளைந்த கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் அரசாங்கத்தையே சேர்ந்தன. அவ்வாறு குவிந்த சுமார் 28,000 காப்புரிமைகளில் நூற்றுக்கு ஐந்துகூடத் தொழிலுக்கு வரவில்லை. பேய்–டோல் சட்டம் 1980-இல் அவ்வுடைமையைச் சர்வகலாசாலைகள் கொள்ள இடமளித்து, ராயல்டியில் கண்டுபிடித்தவருக்குப் பங்கும் விதித்தது. அதன்பின் உரிம அலுவலகம் இல்லாத பெரிய அமெரிக்கச் சர்வகலாசாலை அரிதாயிற்று.

2001-இல், யேல் சர்வகலாசாலை காப்புரிமை கொண்டிருந்த எய்ட்ஸ் மருந்தான ஸ்டாவுடின், தென்னாப்பிரிக்க நோயாளிகளுக்கு எட்டாத விலையில் இருப்பதை மருத்துவர்களும் மாணவர்களும் எதிர்த்தனர். கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான வில்லியம் புருசாஃபும் அவர்கள் பக்கம் நின்றார். உரிமம் பெற்ற கம்பெனி அந்நாட்டில் காப்புரிமையை வலியுறுத்துவதில்லை என இசைந்தது. வறிய நாடுகளின் தேவையை உரிமப் பத்திரத்திலேயே கருத வேண்டும் என்று 2007-இல் ஸ்டான்போர்டு உள்ளிட்ட பல சர்வகலாசாலைகள் கோட்பாடு வகுத்தன. மருந்து சந்தைக்கு வந்தபின் கெஞ்சிப் பெறுவதைவிட, கையெழுத்திடும் முன்னரே நோயாளியின் பங்கை எழுதிவைப்பதே சர்வகலாசாலைக்குரிய தர்மம்.