துக்கம் விசாரித்தலும் விசாரணையும்

துக்கம் விசாரிக்கப் போகிறோம் என்று நம்மவர் சொல்லும்போது, அந்த ‘விசாரி’ என்னும் வினை நலங்கேட்டல், அருகிருத்தல், ஆறுதல் கூறல் என்ற பொருள்களோடுதான் வருகிறது. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அதே வினைக்கு உண்டாகும் கடுமை இழவு வீட்டு வாசலில் எவர் நினைவுக்கும் வருவதில்லை. தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டில் மட்டும் இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று கலந்து, வந்தவர் ஆறுதல் சொல்ல வந்தாரா, சாட்சியம் கேட்க வந்தாரா என்று வீட்டார் திகைக்கும்படி ஆகிவிடுகிறது. “ராத்திரி யாரும் கூடப் படுக்கவில்லையா?”, “முந்தின நாள் ஏதாவது சொல்லிவிட்டீர்களா?”, “மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தீர்களா?” என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் தீய எண்ணம் இருப்பதில்லை, ஆயினும் அக்கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு குற்றச்சாட்டின் வடிவத்தில்தான் போய்ச் சேருகின்றன. இறந்தவர் பல ஆண்டுகள் கடும் மனநோயால் வருந்தியவராகவும் இருந்துவிட்டால், அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரம் தேடுகிறவர்கள் அந்தப் பல ஆண்டுகளையும் புரட்டத் தொடங்குகிறார்கள். இத்தகைய குடும்பங்களின் துயரத்தை ஆராய்வோர் மரணத்தால் விளைந்த துக்கத்தை மட்டும் எடைபோட்டு, அதன்மேல் ஏற்றப்படும் விசாரணையின் பாரத்தைக் கணக்கில் கொள்ளாமல் விட்டால் அவ்வாராய்ச்சி குறையுடையதாகும் என்பதும், துக்கத்தைத் தாங்கும் சக்தி அவ்விசாரணை ஓய்ந்த பிறகே பிறக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மனச்சிதைவு நோயோ, உன்மத்தமும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோயோ புகுந்த வீட்டில் துக்கம் மரணத்தன்று தொடங்குவதில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை தானே பேசிக்கொள்ளத் தொடங்கிய நாளிலேயே, அவன் என்ன ஆவான் என்று பெற்றோர் கட்டிவைத்திருந்த மனக்கோட்டை சரியத் தொடங்கிவிடுகிறது. ஆனால் ஆள் கண்முன்னே நடமாடிக்கொண்டிருப்பதால் அந்த இழப்புக்கு அழுகையும் இல்லை, சடங்கும் இல்லை. உடல் இங்கே இருக்க, தாம் அறிந்த ஆள் காணாமற்போவதாகிய இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியை பாலின் பாஸ். அத்தகைய வீட்டின் உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் அடையாளங்கள் தெரியும்: பத்தாண்டு மருந்துச் சீட்டுகளும் ஆஸ்பத்திரிக் குறிப்புகளும் வரிசை மாறாமல் அடுக்கிய மஞ்சள் பை, ஆணியில் தொங்கும் காலண்டரில் மாத்திரை விழுங்கிய நாளுக்கெல்லாம் இட்ட சிறு புள்ளி, உள்தாழ்ப்பாள் கழற்றப்பட்ட குளியலறைக் கதவு, காலடியோசை சற்று மாறினாலும் விழித்துக்கொள்ளும் தாயின் தூக்கம். இறப்புக்குப் பிறகு அந்தத் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டுவதா வேண்டாமா என்பதே அந்த வீட்டில் ஒரு பெரிய வினாவாக மாதக்கணக்கில் நிற்கும்.

இங்கேதான், கற்றவர்களும் வாய்திறக்கக் கூசும் ஓர் உணர்ச்சி குறுக்கிடுகிறது. பதினெட்டு ஆண்டுகள் மகனைக் காத்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “சேதி கேட்டதும் முதல்ல, அப்பாடா, இனி அவனுக்குக் கஷ்டம் இல்லைன்னு நினைச்சேன். பெத்தவ நினைக்கிற நினைப்பா அது? அதை நினைச்சுத்தான் இப்ப அழறேன்.” மகன் இறந்ததற்காக அழுத அழுகையைவிட, அந்த ஒரு கணத்து ஆசுவாசத்துக்காக அவர் அழுத அழுகை நீண்டது. ஃபிராய்டு 1917-ல் வெளியிட்ட துக்கமும் மனச்சோர்வும் பற்றிய கட்டுரையில், இறந்தவர்மீது அன்பும் பகையும் கலந்திருந்த இடத்தில்தான் இருப்பவர் தம்மையே அம்மரணத்துக்குக் காரணமாக்கி நொந்துகொள்ளும் நிலை உண்டாகிறது என்று காரணம் காட்டினார். பெரியவர் சொல்லாயினும், இத்தாய்மார்கள் விஷயத்தில் அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஓயாத காவலிலிருந்து விடுபட்ட உடலின் களைப்பையும், துன்புற்ற பிள்ளையின் துன்பம் நின்றதே என்னும் இரக்கத்தையும் மறைந்து கிடந்த பகைமை என்று வியாக்கியானம் செய்வது, நொந்தவரை மறுபடியும் கூண்டில் ஏற்றுவதற்குச் சாஸ்திரத்தைத் துணைக்கு அழைப்பதாகும். புற்றுநோயில் கிடந்து இறந்த தந்தையைப் பற்றி, ‘விடுதலை கிடைத்தது’ என்று ஊர் முழுக்கச் சொல்லலாம். யாரும் குறை காணார். அதே சொல்லை இந்தத் தாய் சொன்னால் மட்டும் குற்றமாகிறது.

விசாரணை சட்டப்படி தொடங்குவது இயல்பே. சந்தேக மரணங்களில் போலீசார் செய்யவேண்டிய பிரேத விசாரணை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவிலும் வகுக்கப்பட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தில் வசிக்கும் கண்ணியமான இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உடனிருக்க அது நடைபெற வேண்டும் என்பது விதி. சட்டம் கேட்பது மரணம் எப்படி நேர்ந்தது என்பதை மட்டுமே. ஆனால் இருவரைக் கூப்பிட்ட இடத்துக்குத் தெருவே வந்துவிடுகிறது. வந்த தெருவோ ‘எப்படி’ என்பதோடு நில்லாமல் ‘யாரால்’ என்று கேட்கிறது. (தற்கொலை என்னும் நம் சொல்லிலேயே கொலை என்பது அடங்கியிருப்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கொலை என்றால் கொன்றவன் ஒருவன் வேண்டும்; கொன்றவனும் இறந்தவனும் ஒருவனே என்பதில் மனிதமனம் திருப்தியடைவதில்லை.) வீட்டாரும் அதற்குள் ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: வயிற்றுவலி. “தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார்” என்னும் வாசகம் நம் பத்திரிகைகளில் எத்தனை ஆண்டுகளாக அச்சேறி வருகிறது என்பதை அறியாதவர் இல்லை. அந்த வயிற்றுவலிகளில் உண்மையானவையும் உண்டு. ஆனால் மனநோய் என்ற சொல்லை எழுதக் கூசிய கைகள் எழுதியவையும் அவற்றில் இருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். வயிற்றுக்கு வலிக்கலாம், மனத்துக்கு வலிக்கக் கூடாது என்று நாமே ஒரு விதி செய்துவைத்திருக்கிறோம் போலும்.

அரசாங்கப் புள்ளிவிவரமும் இப்பிழைக்கு விலக்கன்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர் 1,70,924 பேர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். இம்மரணங்களுக்குக் காரணம் வகைப்படுத்துகையில் ‘குடும்பப் பிரச்சினை’ என்ற தலைப்பின்கீழ் 31.7 சதவீதமும், ‘நோய்’ என்ற தலைப்பின்கீழ் 18.4 சதவீதமும் வைக்கப்பட்டிருக்கின்றன. மனநோய் இந்த இரண்டாம் தலைப்புக்குள் ஓர் உட்பிரிவாக அடங்கும். குரல்கள் கேட்டு அஞ்சி, தூக்கமிழந்து, வேலையிழந்து, மனைவியோடு சண்டையிட்டு, பின் இறந்துபோன ஒருவரை இவற்றுள் எதில் வைப்பது? காவலர் கேட்கும்போது வீட்டார் எதை முதலில் சொல்கிறார்களோ அதுவே காரணமாகப் பதிவாகிறது. முந்தின நாள் சண்டைதான் முதலில் நினைவுக்கு வரும். நோயின் விளைவாக எழுந்த சண்டையே மரணத்துக்குக் காரணமாக ஏட்டில் ஏறிவிட்டால், நோயால் முதலில் அடிபட்ட குடும்பம் இரண்டாம் முறை குற்றவாளியாகவும் அடிபடுகிறது.

விஞ்ஞானமும் ஒரு காலத்தில் இந்தத் தெருவோடு சேர்ந்து நின்றதுதான். அன்பற்ற தாயின் போக்கே பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்குகிறது என்னும் கருத்துக்கு, ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பேரறிஞர் ஃபிரீடா ஃபிராம்-ரைக்மன் 1948-ல் ஒரு பெயரே சூட்டினார். அக்கொள்கை பின்னர் ஆதாரமற்றதெனக் கைவிடப்பட்டது. ஆனால் அதன் சாயல் மறைந்துவிடவில்லை. தற்கொலைத் தடுப்புப் பிரசாரத்தில் இப்போது வழங்கும் “எல்லாத் தற்கொலைகளும் தடுக்கக்கூடியவையே” என்ற வாசகத்தை, நல்லெண்ணத்தோடு எழுதியவர்கள் அதனை இழவு வீட்டுத் தாய் எவ்வாறு வாசிப்பாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. தடுக்கக்கூடியது என்றால், தடுக்காதவர் யார்?

இவ்வினாவுக்கு ஆராய்ச்சியே விடை தருகிறது. அமெரிக்காவில் போகோர்னி என்ற மருத்துவர், மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்ட 4,800 முன்னாள் ராணுவத்தினரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1983-ல் முடிவை வெளியிட்டார். அவர்களுள் 67 பேர் தற்கொலையால் இறந்தனர். அறிந்த அபாயக்குறிகளையெல்லாம் பயன்படுத்தியும், இறக்கப்போகிறவர் இன்னார் என்று பயன்படும் வகையில் முன்கூட்டிப் பிரித்துக் காட்ட அவரால் இயலவில்லை. 2017-ல் ஃபிராங்க்ளினும் அவருடைய துணைவர்களும் ஐம்பதாண்டுகளில் வெளிவந்த 365 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், முன்கணிக்கும் திறன் தற்செயலைவிடச் சற்றே மேம்பட்டதாக மட்டுமே இருந்தது. கருவிகளும் அளவுகோல்களும் கைவசமுள்ள வித்வான்களே அரை நூற்றாண்டு முயன்றும் எட்டமுடியாத ஞானத்தை, அடுக்களையில் நின்றபடி பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு தாய் பெற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்? நடந்து முடிந்த பின் ஒவ்வொரு சொல்லும் செயலும் அறிகுறியாகத் தெரிகிறது. ஆனால் அதே சொல்லும் செயலும் அதற்குமுன் நூறு முறை வந்து, ஒன்றும் நேராமல் போனவைதாம்.

இவ்வாறு சொல்வதால் எல்லாம் விதி என்று கையை விரித்துவிட்டதாக ஆகாதா, மருத்துவமனைகளும் அரசாங்கமும் பொறுப்பிலிருந்து தப்பிக்க இது வழியாகாதா என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் வலிமையுடையது. மனச்சிதைவு நோயாளிகளுள் நூற்றுக்குப் பத்துப் பேர் தற்கொலையால் இறப்பர் என்ற பழைய மதிப்பு, 2005-ஆம் ஆண்டு மறுகணக்கின்படி நூற்றுக்கு ஐவர் அளவுக்கு வந்து நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களே அபாயம் மிகுந்த காலம் என்பது தெரியும். குளோசபின் என்னும் மருந்து அந்நோயில் இவ்வபாயத்தைக் குறைக்கிறது என்பது 2003-ல் வெளியான, 980 நோயாளிகளைக் கொண்ட சோதனையில் காட்டப்பட்டது. ஆகவே செய்யத்தக்கவை உண்டு. செய்யாத ஸ்தாபனங்களைக் கேட்கவும் வேண்டும். ஆயிரம் பேரில் எத்தனை பேரைக் காக்கலாம் என்பது ஒரு வினா. இந்த ஒருவனை அந்த இரவில் இந்தத் தாய் காத்திருக்கலாமா என்பது வேறு வினா. முதலாவதற்கு விடை இருப்பதனால் இரண்டாவதற்கும் இருந்தே தீரவேண்டும் என்பது தர்க்கப்பிழை. அப்பிழையின் பாரத்தைத் தாங்குவது குடும்பம்.

நோயே காரணம் என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொள்வது பழியுணர்ச்சியைத் தணிக்கிறது. ஆனால் அதே ஏற்பு, தம்பி தங்கையர் நெஞ்சில் வேறோர் அச்சத்தை விதைக்கிறது: நமக்கும் வருமோ? இதை அவர்கள் வெளியே கேட்பதில்லை. தமையன் இறந்த வயதை எட்டும் வரை உள்ளுக்குள் நாளெண்ணிக்கொண்டிருப்பார்கள். பெண் பார்க்க வருபவர்களிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற கணக்கும் அதனோடு சேர்ந்துகொள்ளும். பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அருகில் காணப்படும் மனச்சிதைவு, நோயாளியின் உடன்பிறந்தோரில் பத்தில் ஒருவருக்கு அருகில் காணப்படுகிறது. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு அது வருவதில்லை என்பதை யாராவது அவர்களிடம் உரக்கச் சொல்லவேண்டும். அபாயம் இரத்தத்தில் மட்டும் ஓடுவதன்று என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரிட்டனில் நெருங்கியவர் ஒருவரைத் திடீரென இழந்த 3,432 இளவயதினரை ஆராய்ந்து 2016-ல் வெளிவந்த முடிவின்படி, தற்கொலையால் இழந்தவர்கள் தாமும் உயிர்விட முயன்றது, இயற்கையான காரணத்தால் இழந்தவர்களைவிட 65 சதவீதம் கூடுதலாக இருந்தது. இறந்தவர் இரத்த உறவினரா, நண்பரா என்பதால் அதில் வேற்றுமை இல்லை. எனவே கவனிக்க வேண்டியது குலத்தை அன்று. தனித்து விடப்பட்ட துக்கத்தை. அத்தனிமையில் இருப்போர் பேசுவதற்குச் சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா என்னும் அமைப்பு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

பழைய சாஸ்திரங்கள் இம்மரணத்தைத் துர்மரணம் என்று ஒதுக்கி வைத்தன. தன்னை மாய்த்துக்கொண்டவருக்கு நீர்க்கடன் இல்லை என்றது மனுஸ்மிருதி. ஆனால் பின்வந்தோர் நாராயணபலி என்னும் சடங்கால் அடைத்த கதவில் ஒரு திட்டிவாசலை வைத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இத்தகையோரின் இறுதிச் சடங்குக்கு இருந்த தடை 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லை. உயிர்விட முயன்றவரைத் தண்டிக்க 1860-ல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும் என்னும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வலுவிழக்கச் செய்தது. புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவே இடம்பெறவில்லை. சமயமும் சட்டமும் இவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டன. தெரு இன்னும் நகரவில்லை. சடங்குகளில் நம்பிக்கையற்றவனாகிய நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பதினாறு நாளும் வீட்டில் மனிதர்கள் இருந்தார்கள், செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது. பதினேழாம் நாள் காலையில்தான், மிச்ச மாத்திரைகளையும் மஞ்சள் பையையும் என்ன செய்வது என்று தெரியாமல் அந்தத் தாய் தனியே உட்கார்ந்திருந்தார்.

ஆகையால் இதைப் படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். அத்தகைய வீடு உங்கள் சுற்றத்தில் இருந்தால், காரியம் முடிந்த பிறகும் ஒருமுறை போங்கள். என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். நோய் வருவதற்குமுன் அந்தப் பிள்ளை எப்படி இருந்தான், எந்தப் பாட்டைப் பாடுவான், எதைச் சமைத்தால் இன்னொரு கரண்டி கேட்பான் என்று கேளுங்கள்; பெயரைச் சொல்லியே கேளுங்கள்.