ரெஜிஸ்ட்ரி கிளீனர்

விண்டோஸ் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் தேங்கிய பழைய பதிவுகளைத் தேடி நீக்கும் மென்பொருள். இயங்குதளமும் அதில் நிறுவிய மென்பொருள்களும் தம் அமைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளமே ரெஜிஸ்ட்ரி. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் சிறிய அளவில் வந்த இது, விண்டோஸ் 95இல் விரிவடைந்தது.

ஒரு மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் பதிவுகள் சில அங்கேயே கிடக்கும். கிளீனர்கள் இவற்றுக்குப் ‘பிழைகள்’ என்று பெயர் சூட்டி, நூற்றுக்கணக்கில் திரையில் காட்டும். பார்ப்பவர் பதறுவது இயல்பு; விற்பனை நடப்பதும் அந்தப் பதற்றத்தில்தான். உண்மையில் விண்டோஸ் தனக்குத் தேவையான பதிவை நேராகச் சென்று எடுக்கும், மொத்தத்தையும் துழாவுவதில்லை. ஆகவே சில ஆயிரம் வெற்றுப் பதிவுகளை அழித்தாலும் வேகம் கூடியதாக உணர முடியாது. மிச்சமாகும் இடமும் அற்பம்.

ஆபத்து அற்பமல்ல. தேவையான பதிவு தவறி நீங்கினால் மென்பொருள் திறக்காமல் போகலாம். சில வேளை விண்டோஸையே மறுபடி நிறுவ நேரும். ஒருகாலத்தில் ரெக்கிளீன் என்ற கருவியைத் தானே வழங்கிய மைக்ரோசாஃப்ட், பிற்பாடு இவ்வகைக் கருவிகளை ஆதரிப்பதில்லை என்று அறிவித்துவிட்டது.

பெயர்பெற்ற கருவி என்பதும் காப்பாகாது. 2017இல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் ஊடுருவிகள் தீநிரலைச் செருகினர். தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அது சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மந்தமான கணினிக்கு, தொடங்கும்போதே தாமாக இயங்கும் மென்பொருள்களைக் குறைப்பதும், பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி பொருத்துவதும் கண்கூடான பலன் தரும். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தே ஆகவேண்டியவர்கள் முதலில் அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.